அரைவாசி என்று சொல்ல ஆளில்லை

மகனே,

நீ டோகாவிலிருந்து போன் எடுத்தபோது லைன் விட்டுவிட்டுக் கேட்டது. அதனால் ஆஸ்பத்திரி விசாரணையில் நடந்ததை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. லைன் நன்றாக இருந்திருந்தாலும் நீ நம்பியிருக்கமாட்டாய். "சித்தப்பா, கூட்டாமல் சொல்லுங்கோ" என்றுதானே தொடங்கினாய். அது எனக்குக் கொஞ்சம் சுட்டது. ஆகவே எழுதுகிறேன். எழுத்தில் நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை. பள்ளிக்கூடம்தான் ஏழாம் வகுப்போடு என்னை விட்டது, நான் அதை விடவில்லை. என் கையெழுத்தைப் பார்த்த பிஷப் ஆண்டவர், "இது அரசாங்கக் கச்சேரியில் இருக்கவேண்டிய கை" என்றார். பிஷப் இல்லை, அப்போதிருந்த பங்குச் சுவாமி. பார், பேனை பிடித்தவுடனேயே கூட்டுகிற பழக்கம் தொடங்கிவிட்டது. வெட்டி எழுத மனமில்லை, அப்படியே கிடக்கட்டும். இதில் ஒரு பிரதியைப் பங்குப் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். ஊரில் நாளைக்கு ஒருவன் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும்போது உதவும்.

உனக்குத் தெரியாத எதையும் என் தொழிலைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. ஆனால் பத்திரிகையில் வாசிக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டும். வள்ளங்கள் கரைக்கு வந்து மீனைக் கொட்டியதும், அதை ஏலம் கூறி விற்கிறவன் நான். கூறுகிறவனுக்கு முதல் என்பது வாய்தான். ஒரு சின்ன விளைமீனைத் தூக்கினாலும் திமிங்கிலத்தின் மருமகனைத் தூக்குகிற மாதிரித் தூக்கவேண்டும். அந்தப் பழக்கம், வேலை முடிந்ததும் சேட்டைக் கழற்றிக் கொடியில் போடுகிற மாதிரிக் கழற்றி வைக்கக்கூடியதில்லை. என்னோடு வீட்டுக்கும் வந்தது. முன்விறாந்தையில் நாலு பேரை இருத்தி வைத்து, நான் விற்ற திருக்கையின் செட்டை நம் வீட்டுக் கூரையளவு என்பேன். குசினிக்குள்ளிருந்து, திரும்பியும் பாராமல், உன் சின்னம்மா "அரைவாசி" என்பாள். அவ்வளவுதான். கோபமும் இருக்காது, சிரிப்பும் இருக்காது. கறிக்கு உப்புப் போடுகிற மாதிரி. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கூரையைப் பாதியாக்கி எடுத்துக்கொண்டு எழும்பிப் போவார்கள். சில நேரம் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், தலையை மட்டும் ஒருதரம் ஆட்டுவாள். அப்படியென்றால் கதை முழுக்க உண்மை. ஊர் இதைப் பழகிக்கொண்டது. நான் கதை சொல்லி முடித்ததும் என் முகத்தை ஒருவரும் பார்ப்பதில்லை, அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அது அவமானமாகவே இருந்ததில்லை. தராசு பக்கத்தில் இருந்தால்தானே வியாபாரி துணிந்து கூவலாம்.

இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? நான் எதைச் சொன்னாலும் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். போன கிழமை கரையில், ஒரு பாரைமீன் இரண்டு ஆள் நீளம் என்று சொன்னேன். மீன் அங்கேயே, எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கிடக்கிறது. "ஓம் அண்ணை, ஓம்" என்றார்கள். மனிசி செத்த மனுசன், பாவம், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று. என்னை முகத்துக்கு நேரே பொய்யன் என்று ஏசின காலத்தில் நான் இவ்வளவு தனிமையாக இருக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் வானொலி இருக்கிறது. அதோடு கதைத்துப் பார்த்தேன், அது என்னைவிடக் கூட்டிச் சொல்கிறது.

சரி, உன் விசயத்துக்கு வருகிறேன். உன் மனைவிக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது. அங்கே பெரிய ஆஸ்பத்திரி, கண்ணாடிக் கட்டடம், எல்லாம் கம்பியூட்டர் என்கிறாய். இருக்கட்டும். கண்ணாடிக் கட்டடத்துக்குள்ளும் வேலை செய்கிறவர்கள் மனுசர்தான். களைப்பும் அவசரமும் அங்கேயும் இருக்கும். ஆஸ்பத்திரிகளைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்தத் தீவில் ஒரு டொக்டருக்கும் தெரியாது. ஏனென்றால் அவர்கள் கட்டிலுக்கு மேலே நின்று பார்க்கிறவர்கள், நான் கட்டிலில் படுத்துப் பார்த்தவன்.

எனக்கு ஹேர்ணியா வெட்டின கதை ஞாபகம் இருக்கிறதா? நீ அப்போது அரைக் காற்சட்டை. நம் ஊரில் பங்குப் புனிதரின் பெயர்தான் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு. கரையில் பட்டப்பெயரால் சமாளிக்கிறோம். ஆஸ்பத்திரிக்குப் பட்டப்பெயர் தெரியாதே. வார்டில் என் பெயரில் இன்னொருவர், தலைமன்னார்ப் பக்கத்து ஆள், இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்தார். வெள்ளை உடுப்பில் ஒருவர் வந்து பெயரைக் கூப்பிட்டார். வெள்ளை உடுப்புக் கேட்டால் நம்மவர்கள் என்ன சொல்வோம்? ஓம் என்போம். பூசையில் சுவாமிக்குப் பதில் சொல்கிற மாதிரி, யோசிக்காமல். நானும் ஓம் என்றேன். அந்த மனுசனுக்குக் குடலைக் கழுவ வைத்திருந்ததை எனக்கு ஏற்றிவிட்டுப் போனார்கள். அன்று நான் ஓடின ஓட்டத்தைப் பார்த்து முழு ஆஸ்பத்திரியும் எழும்பி நின்றது, டொக்டர்மார் கைதட்டினார்கள். அரைவாசி. வார்டில் சிலர் சிரித்தார்கள், அவ்வளவுதான். ஊரே அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தது, நானும்தான் சிரித்தேன். உன் சின்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அது ஊசியா இருந்திருந்தா?" என்று கேட்டாள். அப்போது அதற்கு நான் ஏதோ பகிடி சொன்னேன்.

சிலாவத்துறை மஜீத் நானாவை உனக்குத் தெரியும், என்னிடம் நண்டு எடுக்கிறவர். அவருடைய மகளுக்கு வயிற்றை வெட்டித்தான் பிள்ளை எடுத்தார்கள். பிள்ளை சுகம். தாய்க்கு மட்டும் வயிற்றுக்குள் கொழுவிப் பிடித்த மாதிரி ஒரு நோ. காட்டக் காட்ட வாய்வு என்றார்கள், புண் ஆறுகிற நோ என்றார்கள், கடைசியில் மனநோய் என்றும் ஒருவர் சொல்லிவிட்டார். மாமியார்க்காரிக்கும் அது வசதியாகப் போயிற்று, வேலைக்குக் கள்ளம் என்றாள். நானாதான் விடவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். முடிவில் ஒரு டொக்டர் படம் பிடித்துப் பார்த்தால், இரத்தம் ஒற்றுகிற துணி ஒன்று உள்ளே கிடக்கிறது. இடுப்பில் உடுக்கிற சாரம் அளவு துணி என்று நான் கரையில் சொல்வது. முகம் துடைக்கிற கைலேஞ்சி அளவு என்று நானா சொல்வார். எந்த அளவென்றாலும், வயிற்றை மூடுவதற்கு முன் துணியை எண்ணவேண்டியவர்கள் சரியாக எண்ணவில்லை. அந்தப் பிள்ளைக்கு இனிக் குழந்தை தங்காதாம். "எம் மகள் பொய் சொல்றாண்டு எல்லாரும் சொன்னாங்க, நானும் ஒரு நாள் யோசிச்சுட்டேன்" என்று நானா என் முன்னால் நண்டுக் கூடையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்த ஒரு நாள்தான் அவரைத் தின்கிறது. நீ இதைக் கேட்டு வைத்துக்கொள். உன் மனைவி நோகிறது என்று சொன்னால் நோகிறதுதான். அவள் உடம்புக்குள் இருக்கிறவள் அவள்தான். அவர்கள் ஒன்றுமில்லை என்றால், ஒன்றுமில்லை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேள். கேட்கிறதற்கு வெட்கப்படாதே. விளங்காத பாசையில் எழுதின தாளில் கையெழுத்துப் போடாதே. அவர்கள் பெயரைக் கூப்பிட்டால் ஓம் என்று மட்டும் சொல்லாமல், என்ன ஊசி, எதற்கு என்று கேள்.

இனி உன் சின்னம்மாவின் கதை. முதலாம் தரம் நடந்ததை நீ என் வாயால் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாய். காலில் சிப்பி வெட்டி, புண் பழுத்து, கிளினிக்கில் ஊசி போட்டதும் அவள் முகம் பூசணிக்காய் அளவு வீங்கியது, நாலு பேர் பிடித்தும் பிடிக்க முடியவில்லை, பெரிய டொக்டர் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார், நேவிக்காரனின் படகில் மருந்து வந்தது. இதுதான் நான் சொல்கிற கதை. இதற்கும் அவள் அரைவாசி என்றுதான் சொல்வாள். அந்த அரைவாசியை இப்போது நான் எழுதுகிறேன். உதடும் கண்மடலும் வீங்கின. மூச்சு அடைத்தது. டொக்டர் வேறு ஊசி போட்டுக் காப்பாற்றினார். "இந்த மருந்து இவவுக்கு இனிச் சீவியத்தில் ஒருநாளும் போடக்கூடாது, எங்கே போனாலும் சொல்லவேணும்" என்று மருந்தின் பெயரை ஒரு துண்டில் எழுதித் தந்தார். அந்தத் துண்டு நம் அலுமாரியோடும் வீட்டோடும் யுத்தத்தில் போயிற்று. மருந்தின் பெயர் என் வாயில் இருந்தது. என் வாயைப் போலப் பத்திரமான இடம் உண்டா என்று நினைத்திருந்தேன்.

இந்த முறை நெஞ்சுச் சளிதான் தொடக்கம். காய்ச்சல் ஏறி, மூச்சு இழுத்தது. அம்புலன்ஸில் பாலம் தாண்டி ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன், எல்லா ஆஸ்பத்திரியிலும் நடக்கக்கூடியதுதான். வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்திருந்தாள். நான் டிரைவருக்குப் பாதை சொல்லிக்கொண்டு வந்தேன், அவனுக்குத் தெரிந்த பாதையைத்தான். வார்டில் போட்டதும் முகத்துக்கு மாஸ்க் போட்டு ஒட்சிசன் கொடுத்தார்கள். நேர்ஸ் பிள்ளை ஒன்று வந்தது. பார்த்தால் நம் ஊர்ப் பிள்ளை, வலை பின்னுகிற பிலோமினாவின் மகள். எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? நம் ஆள் இருக்கிறாள், இனிப் பயமில்லை என்று நினைத்தேன். அவள் கேட்டாள், "மாமா, மாமிக்கு ஒத்துவராத மருந்து ஏதும் இருக்கோ?"

மகனே, நான் கதையைப் பூசணிக்காயிலிருந்து தொடங்கினேன். வேறெப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியாது. மருந்தின் பெயரையும் சொன்னேன், அது நடுவில் எங்கேயோ, ஒற்றைச் செருப்புக்கும் நேவிப் படகுக்கும் இடையில். அந்தப் பிள்ளை சிரித்தது. பக்கத்தில் நின்ற மற்ற நேர்ஸிடம், "இவர் எங்கட ஊர். மாமா சொன்னா அரைவாசிதான் எடுக்கவேணும்" என்றது. கேலியாக இல்லை, அன்பாகத்தான் சொன்னது. சொல்லிவிட்டு, ஊரில் எல்லோரும் செய்கிறதைச் செய்தது. உன் சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தது. முகத்தில் பாதி மாஸ்க். மீதிப் பாதியில் கண் மூடியிருந்தது. அரைவாசி என்றும் சொல்லவில்லை, தலையும் ஆட்டவில்லை.

டொக்டர் வரவில்லை. வேறு வார்டில் அவசரமாம். போனில் மருந்தைச் சொன்னார், ஒத்துவராதது ஏதும் உண்டா என்று அவரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. ஊசியை எடுத்துக்கொண்டு வந்தபோது நான் மருந்தின் பெயரைக் கேட்டேன். சொன்னார்கள். அதே பெயர். அப்போது எனக்குக் கதை ஒன்றும் வாயில் வரவில்லை. "பிள்ளை, இந்த ஊசி அவளுக்கு வேண்டாம்" என்றேன். "டொக்டர் சொன்னதுதான் மாமா, பயப்பிடாதேங்கோ. வெளியில நில்லுங்கோ" என்றது. நான் வெளியில் போனேன். வெள்ளை உடுப்புச் சொன்னால் நாம் போய்விடுவோம். விறாந்தையில் ஒரு மர வாங்கு இருந்தது, அதில் குந்தியிருந்தேன். உள்ளே ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. இந்த முறை உண்மையாகவே ஒரு டொக்டர் ஓடி வந்தார், இரண்டு காலிலும் சப்பாத்தோடு. இதற்கு மேல் எழுதவில்லை. நீ வந்து பெட்டியில் அவள் முகத்தைப் பார்த்தாய்தானே. உதட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து நீ திரும்பிப் போகும்போது என்ன சொன்னாய் என்பதை நான் மறக்கவில்லை. நல்லதுக்குத்தான் சொன்னாய். "விசாரணைக்குப் போகாதேங்கோ சித்தப்பா. மருந்து ஒத்துவராதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை எண்டு ஆஸ்பத்திரிக்காரர் எழுதி வைச்சிருக்கிறாங்கள். நீங்கள் சொன்னதெண்டு நீங்கள் மட்டும்தான் சொல்லுறீங்கள். ஊரில நாலு பேரைக் கூப்பிட்டு உங்கட கதையைப் பற்றிக் கேட்டாலே போதும்." அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன். நான் சொன்னேனா இல்லையா என்பது மட்டும்தான் எனக்கு மிஞ்சியிருக்கிறது. சொல்லவில்லை என்று அவர்கள் தாளில் இருக்குமானால், நான் வாழ்நாள் முழுக்கக் கதைத்துக் கதைத்து, கதைக்கவேண்டிய ஒரு நாளில் வாயை மூடிக்கொண்டு நின்றவன் ஆகிறேன். அதை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் எப்படித் தனியாக இருப்பது?

ஆகவே போனேன். வெள்ளைச் சேட், உன் கலியாணத்துக்குத் தைத்த காற்சட்டை. ஏசி அறை, மீன் வைத்தால் ஒரு கிழமைக்குக் கெடாது. பெரிய மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த பெரிய டொக்டர் சிங்களவர், நல்ல மனுசன் மாதிரித் தெரிந்தார். மொழிபெயர்க்க ஒருவர். எனக்குப் பக்கத்தில் ஒரு கதிரை, இருக்க ஆளில்லாமல், வெறுமையாகக் கிடந்தது. என்ன நடந்தது என்று கேட்டார்கள். நான் வழியெல்லாம் பஸ்ஸில் பாடமாக்கிக்கொண்டு போனதைச் சொன்னேன். "அந்த மருந்து அவளுக்கு ஒத்துவராது. முந்தி ஒருதரம் மூச்சு அடைச்சது. நான் நேர்ஸிடம் சொன்னேன். ஊசி கொண்டுவந்தபோது திரும்பவும் வேண்டாமென்று சொன்னேன். போட்டார்கள்." ஒவ்வொரு வசனம் முடிந்ததும் என் கழுத்து தன் பாட்டில் அந்தக் கதிரைப் பக்கம் திரும்பியது. வெட்டுவதற்கு ஆளில்லை. வெட்டுவதற்கு அதில் ஒன்றும் இருக்கவும் இல்லை. என் சீவியத்தில் இவ்வளவு சின்னக் கதையை நான் சொன்னதில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் ஓரத்தில் இருந்தவர் தமிழர். தாளைப் புரட்டிக்கொண்டு, "ஐயா கொஞ்சம் கூட்டிக் கதைக்கிற ஆள் எண்டு ஊரில சொல்லீனம்" என்றார். எனக்கு முகம் சுட்டது. எழும்பி நின்றேன். "ஓம் சேர். மீனைப் பற்றி நான் சொல்லுறதில அரைவாசி பொய். மீனைப் பற்றிப் பொய் சொல்லுறவனுக்கு மனிசி இருக்கமாட்டாளோ? பைத்தியக்காரன் வந்து சொன்னாலும், கேட்டவை அதை எழுதிப்போட்டு, பிறகெல்லோ பொய்யோ மெய்யோ எண்டு பாக்கவேணும்." மொழிபெயர்த்தவர் இதைச் சிங்களத்தில் சொன்னார். பெரிய டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மேசையில் அடித்தேன், கண்ணாடி வெடித்தது என்று கரையில் சொல்லியிருக்கிறேன். அது கூட்டினது. அந்த நேர்ஸ் பிள்ளையை வேலையால் நிறுத்தச் சொன்னேன் என்று சொன்னதும் கூட்டினதுதான். நான் கேட்கவில்லை.

பிறகு பிலோமினாவின் மகளைக் கூப்பிட்டார்கள். அவளுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரியின் ஆள் ஒருவர் இருந்தார். அவள் என்ன சொல்லவேண்டும் என்று பேசி வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என்னைப் பாராமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். "இவர் உங்களிட்டச் சொன்னவரோ?" என்று கேட்டார்கள்.

"ஓம் சேர். சொன்னவர்."

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் அசைந்தார். அவள் நிறுத்தவில்லை. "ரெண்டு தரம் சொன்னவர். ரெண்டாந்தரம் கதை ஒண்டும் இல்லை. வேண்டாமெண்டு மட்டும் சொன்னவர்."

"பிறகு ஏன் எழுதேல்லை?"

"நான் மாமியின்ர முகத்தைப் பாத்தனான்" என்றாள். பிறகு அழத் தொடங்கிவிட்டாள். மொழிபெயர்த்தவர் அந்த இடத்தில் தடுமாறினார். நோயாளியின் முகத்தைப் பார்த்தாளாம் என்று சொன்னார் போல. ஏன் பார்த்தாள் என்று மேசைக்காரர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த அறையில் அது விளங்கினது அவளுக்கும் எனக்கும்தான். மகனே, ஊசி போட்டது அவள்தான். ஆனால் அந்த நேரத்தில், உன் சின்னம்மாவை அறிந்த ஒரு சீவன் என்னோடு அந்த அறையில் இருந்தது என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டுமோ என்று யோசிக்கிறேன்.

முடிவைக் கடிதத்தில் அனுப்புவார்களாம். டொக்டர் வராமல் மருந்து சொன்னதைப் பற்றியும் கேட்பார்களாம். கேட்கட்டும். என்ன வந்தாலும், நான் சொன்னேன் என்பது இப்போது அவர்கள் தாளில் இருக்கிறது.

பஸ்ஸில் திரும்பி வந்தேன். பாலத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் வற்றின இடத்தில் பூநாரைகள் நின்றன. பக்கத்தில் இருந்த பெடியனிடம், பத்தாயிரம் நிற்கும் என்றேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டு ஓம் என்றான். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும், வெளியில் நின்றபடியே உள்ளே கேட்கச் சத்தமாகச் சொன்னேன், பாலத்தடியில் பூநாரை பத்தாயிரம் என்று. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.

உனக்கும் என் வாய்தான் வந்திருக்கிறது. உன் சின்னம்மாவைக் கட்டினதால்தான் நான் உனக்குச் சித்தப்பா, இரத்தத்தால் இல்லாவிட்டாலும், நீ தின்று வளர்ந்த என் வீட்டுச் சோற்றால் வந்திருக்கும். டோகாவில் சூட்டில் காகம் பொரிந்து விழுகிறது என்று சொன்னவன்தானே நீ. ஆகவே பிள்ளைப்பேற்று வார்டில் அவர்கள் கேட்கும்போது சுருக்கமாகச் சொல். முதலில் மருந்தின் பெயர், பிறகு என்ன செய்தது என்பது. சொன்னதை அவர்கள் எழுதுகிறார்களா என்று பேனையைப் பார்த்துக்கொண்டு நில். எழுதாவிட்டால் வெளியில் போகச் சொன்னாலும் போகாதே. உன் மனைவிக்குச் சொல்ல முடியாத நேரத்தில் அவளுக்காகச் சொல்ல நீ நிற்கிறாய். நீ எப்படிப்பட்ட வாய்க்காரன் என்றாலும் அன்றைக்கு உன்னை அவர்கள் கேட்கவேண்டும்.

எனக்காக ஒன்று செய். இனி நீ போன் எடுக்கும்போது, நான் மீனைப் பற்றியோ காற்றைப் பற்றியோ ஏதாவது சொன்னால், பாவம் கிழவன் என்று உம் கொட்டாதே. அரைவாசி என்று சொல். திரும்பியும் பாராமல் சொல்கிற மாதிரிச் சொல். அது போதும் எனக்கு.

ஆனால் ஆஸ்பத்திரியில் நான் இரண்டு தரம் சொன்னேன் என்றேனே, அதில் மட்டும் கை வைக்காதே. அது முழுசு.

உன் சித்தப்பா